கடற்பெருக்கும் கமக்காரரும்

கார்த்திகை மாதத்திலே, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகியுள்ளதென வானொலி அறிவித்ததும், பருத்தித்துறைப் பகுதிக் கமக்காரர் முதலில் வானத்தை நோக்குவர். மழை எவ்வளவு பெய்யும், காற்று எவ்வளவு வீசும், வாழை முறியுமோ, நெற்பயிர் சாயுமோ என்பனவே அவர்தம் கவலை. இவை நியாயமான கவலைகளே. ஆயினும் சூறாவளியால் விளையும் கேடுகள் மூன்றாகும். காற்றும் மழையும் அவற்றுள் இரண்டு. மூன்றாவது, கடல்.

முறிந்த வாழையின் அடியிலிருந்து புதுக்கன்று எழும். மழைவெள்ளம் வடிந்தால் வயல் பெரும்பாலும் தேறிவிடும். கடல்நீர் புகுந்த வயலும் கிணறும் அவ்வாறு எளிதில் தேறுவதில்லை. அவற்றிலுள்ள உப்புக் கழுவப்படுதற்கு ஒரு மாரியோ பல மாரிகளோ வேண்டும். ஆதலின் இம்மூன்றாவது கேட்டைப் பற்றிக் கமக்காரர் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

இக்காலத்தில், சூறாவளி கரையை அடையுமுன்னரே, கடல் எவ்விடத்தில் எத்துணை உயரும் என்று கணித்துச் சொல்ல இயலும். இன்ன கரையோரத்தில் ஒரு மீற்றர் உயரத்துக்குக் கடல் பெருகக்கூடும் என்று அறிவித்தல் வருமாயின், அந்த எண் எங்கிருந்து வந்தது? அதனை எவ்வளவுக்கு நம்பலாம்? அதனைக் கேட்டபின் உங்கள் வயலில் நீங்கள் செய்யவேண்டியது யாது? இவற்றை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

கடற்பெருக்கு என்பது யாது?

சூறாவளிக் காலத்தில் கரையில் மோதும் அலை வேறு, கடற்பெருக்கு வேறு. அலை வந்து மோதித் திரும்பிவிடும். கடற்பெருக்கோ கடலின் மட்டமே உயர்ந்து, மணிக்கணக்காக அவ்வுயரத்தில் நிற்பதாகும். அவ்வுயர்ந்த மட்டத்தின் மேல் அலைகளும் ஏறி வரும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி வடமராட்சிக் கிழக்குக் கரையை அழித்த ஆழிப்பேரலையும் இதனின்று வேறானது. அது கடலடி நிலநடுக்கத்தால் எழுந்தது, முன்னறிவித்தலின்றி வந்தது. கடற்பெருக்கைச் சூறாவளியே உண்டாக்குகிறது. சூறாவளி வருவது நாட்கணக்கில் முன்னரே தெரியுமாதலின், கடற்பெருக்கையும் முன்னரே அறிய வழியுண்டு.

கடல் உயர்வதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, வளியின் அமுக்கம் குறைதல். சூறாவளியின் நடுவிலே வளியமுக்கம் குறைந்திருக்கும். அமுக்கம் ஒரு மில்லிபார் குறையக் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும். சாதாரணமாக 1010 மில்லிபாராக இருக்கும் அமுக்கம் 980 ஆகக் குறைந்தால், கடல் 30 சென்ரிமீற்றர், அதாவது ஓரடி அளவு உயரும்.

இரண்டாவதும் பெரியதுமான காரணம் காற்றாகும். இதனை நீங்கள் உங்கள் வயலிலேயே கண்டிருப்பீர்கள். நீர் கட்டிய வயலில் வாடைக்காற்று ஓங்கி வீசும்போது, காற்று வரும் பக்கத்து வரம்போரம் நீர் குறைந்து, எதிர் வரம்போரம் நீர் ஏறி நிற்கும். காற்று நீரைத் தள்ளுகிறது. வரம்பு அதனைத் தடுக்கிறது. தடைப்பட்ட நீர் உயர்கிறது. கடலிலும் நிகழ்வது இதுவே. அங்கே வரம்பாக அமைவது கரை.

இங்கு ஓருண்மையைக் கவனிக்கவேண்டும். ஆழமான கடலில், மேலே தள்ளப்பட்ட நீர் அடிவழியாகத் திரும்பிச் செல்ல இடமுண்டு. ஆழங்குறைந்த கடலில் அதற்கு இடம் போதாது. எனவே அங்கே நீர் கூடுதலாக உயரும். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 108 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று, 10 மீற்றர் ஆழமுள்ள கடலின் மேல் 50 கிலோமீற்றர் தூரம் கரையை நோக்கி விடாது வீசினால், கரையிலே நீர் ஏறத்தாழ 1.4 மீற்றர், அதாவது நாலரை அடி உயரும். அதே காற்று 100 மீற்றர் ஆழமுள்ள கடலின் மேல் வீசினால் உயர்வு 14 சென்ரிமீற்றர் மாத்திரமே. காற்றின் வேகம் பாதியானால் உயர்வு பாதியாவதில்லை, காற்பங்காகிவிடும். வேகம் இருமடங்கானால் உயர்வு நான்மடங்காகும். காற்று சிறிது வலுத்தாலும் கடல் பெரிதும் உயர்வதன் காரணம் இதுவே.

நம் கடலின் இயல்பு

பருத்தித்துறை முனையில் நின்று பார்த்தால் வடக்கே பாக்கு நீரிணையும் கிழக்கே வங்காள விரிகுடாவும் தெரியும். எதிரே தமிழ்நாட்டுக் கோடிக்கரை ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. நீரிணைக்கு அப்பால், மேற்கேயும் தெற்கேயும் விரியும் பாக்குக் குடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழமும் இல்லாதது. வங்காள விரிகுடாவிலிருந்து காற்றால் தள்ளப்படும் நீர் இக்குறுகிய வாயிலினூடாகப் புகுந்து, ஆழமற்ற கடலிலே தேங்கவேண்டியதாகிறது. எனவே கடற்பெருக்குக்கு ஏற்ற இடங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இதற்கு வரலாறே சான்று. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி கடுஞ்சூறாவளியொன்று இலங்கையின் வடபாகத்தை வவுனியாப் பக்கமாகக் கடந்து சென்றது. அன்றிரவு, பாக்குக் குடாவின் தென்கோடியிலுள்ள தனுஷ்கோடியிலே 20 அடிக்கு மேற்பட்ட நீர் எழுந்ததாகக் கூறப்படுகிறது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியொன்று, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டது. அந்நகரம் மீண்டும் எழவில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் பேரழிவை விளைத்தது. ஏறத்தாழ 900 உயிர்களைக் கொண்டது. ஆயினும் அங்கே பெருஞ் சேதத்தைச் செய்தது காற்றேயாகும். மட்டக்களப்புக்கு அப்பாற் கடல் விரைவில் ஆழமாகிவிடுகிறது. ஒரே வகையான சூறாவளி, கடலின் ஆழத்துக்கேற்ப வேறு வேறு வகையான கேட்டை விளைக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

சூறாவளி எப்பக்கமாகச் செல்கிறது?

நம் பகுதியில் சூறாவளிக் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுழலும். சூறாவளியோ பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கியும் வடமேற்கு நோக்கியும் நகரும். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால், எச்சரிக்கையை நீங்களே ஓரளவு எடைபோடலாம்.

சூறாவளியின் நடு நமக்குத் தெற்கே, முல்லைத்தீவு அல்லது திருகோணமலைப் பக்கமாகக் கரையைக் கடந்தால், பருத்தித்துறையில் முதலில் வடகீழ்க் காற்றும் பின்னர் கிழக்குக் காற்றும் வீசும். அவை கடலைக் கரையை நோக்கித் தள்ளும் காற்றுக்கள். 1964இல் வந்தது இவ்வழியே. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த 'புரெவி' வந்ததும் இவ்வழியே. அது வலிமை குறைந்ததாக இருந்தமை நம் நல்லூழ்.

நடு நமக்கு வடக்கே சென்றாலோ, முதலில் வடக்கு, வடமேற்குக் காற்றுக்களும், பின்னர் மேற்கு, தென்மேற்குக் காற்றுக்களும் வீசும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி அதிகாலை வேதாரணியத்துக்கு அருகே கரைகடந்த 'கஜா' இவ்வாறு சென்றது. மேற்குக் காற்று வீசும்போது கிழக்குக் கரையிற் கடல் பின்வாங்கவுங்கூடும். ஆனால் அதே காற்று யாழ்ப்பாணக் கடனீரேரியின் நீரை அரியாலை, கோப்பாய்ப் பக்கங்களுக்குத் தள்ளும். ஒரு பகுதிக்கு நன்மையாவது மற்றொரு பகுதிக்குத் தீமையாதல் கூடும்.

கணிப்பு எவ்வாறு செய்யப்படுகிறது?

கடற்பெருக்கை முன்னறிவதற்கு, கடலையே எண்களாக மாற்றிக் கணக்கிடுகின்றனர். கேட்க விந்தையாயினும், கமக்காரருக்கு இதன் அடிப்படை புதிதன்று.

பெரிய வெளியொன்றை வரம்புகட்டிச் சிறு சிறு வயல்களாகப் பிரித்திருப்பதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வயலிலும் நீர் எவ்வளவு நிற்கிறது என்று குறித்து வைத்துள்ளீர்கள். வாய்க்கால் வழியே ஒரு வயலுக்கு எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு நீர் கழிகிறது என்பது தெரிந்தால், அரைமணி நேரத்தின் பின் அவ்வயலில் நீர் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். விஞ்ஞானிகளும் வங்காள விரிகுடாவையும் பாக்கு நீரிணையையும் இவ்வாறே கட்டங்கட்டமாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு கட்டத்துக்கும் கடலின் ஆழம் குறிக்கப்படும். கரை எங்கே வளைகிறது, தீவு எங்கே உள்ளது என்பனவும் குறிக்கப்படும்.

பின்னர் இரண்டு விதிகளைக் கொண்டு கணக்கிடுவர். ஒரு கட்டத்துக்கு வந்த நீரிலிருந்து கழிந்த நீர் போக எஞ்சியதே மட்டத்தின் உயர்வு என்பது முதல் விதி. காற்றின் தள்ளுகை, அமுக்க வேறுபாடு, நீர் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்குச் செல்லும் இயல்பு, பூமியின் சுழற்சி, கடலடித் தரையின் உராய்வு ஆகியவற்றின் கூட்டே நீரின் ஓட்டத்தை நிர்ணயிக்கும் என்பது இரண்டாம் விதி. சூறாவளியின் பாதை, நகரும் வேகம், நடுவின் அமுக்கம், மிகக் கடுமையான காற்று நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீசுகிறது என்னும் விபரங்களைக் கொடுத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நீர்மட்டம் என்னவாகும் எனக் கணக்கு விடை கூறும்.

இவ்விதிகள் நெடுங்காலம் முன்பே அறியப்பட்டவை. கணக்கின் பெருக்கமே தடையாயிருந்தது. 300 கிலோமீற்றர் நீளமும் 300 கிலோமீற்றர் அகலமும் உள்ள கடலை 3 கிலோமீற்றர்க் கட்டங்களாகப் பிரித்தால் 10,000 கட்டங்கள் வரும். கட்டம் ஒன்றுக்கு மட்டம், இரு திசை ஓட்டங்கள் என மூன்று எண்கள் வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறையாக இரண்டு நாளுக்குக் கணக்கிட்டால், 8 கோடியே 64 இலட்சம் எண்களைக் கண்டறிய நேரும். கையாற் செய்து முடிப்பதற்குள் சூறாவளி வந்து போய்ப் பல்லாண்டுகள் கழிந்துவிடும். கணனி வந்த பின்னரே இது பயனுக்கு வந்தது.

1953ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி இரவு வடகடல் பொங்கி நெதர்லாந்தில் 1,800க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருந்தொகையான விளைநிலங்கள் உவரேறின. அதன்பின் 1956இல் ஜேர்மானிய அறிஞர் வால்ற்றர் ஹன்சன் அக்கடலுக்கு இவ்வகைக் கணிப்பு முறையை வெளியிட்டார். நம் விரிகுடாவில் 1970ஆம் ஆண்டு நவம்பரில், இன்று வங்காளதேசமாயுள்ள பகுதியில், கடற்பெருக்கால் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர். அதன்பின் 1972இல் இந்திய வளிமண்டலவியலறிஞர் பி. கே. தாஸ் வங்காள விரிகுடாவுக்கான எண்கணிப்பு முறையொன்றை வெளியிட்டார். தொடர்ந்து டில்லியிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்தினர் இதனை வளர்த்து, இலங்கையைச் சூழ்ந்த கடலுக்கும் ஏற்றவாறு அமைத்தனர். இன்று புதுடில்லியிலுள்ள பிராந்திய விசேட வளிமண்டலவியல் மையம், சூறாவளிக் காலங்களிற் கடற்பெருக்கு மதிப்பீட்டையும் சேர்த்து இலங்கை உட்பட விரிகுடா நாடுகளுக்கு அறிவித்தல் விடுக்கின்றது. நம் நாட்டிலே மக்களுக்கு எச்சரிக்கை வழங்கும் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்தினதும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தினதும் ஆகும்.

கணிப்பு எங்கே பிசகக்கூடும்?

கணக்குச் சரியானதே; ஆயினும் அதற்குக் கொடுக்கப்படும் விபரம் பிசகினால் விடையும் பிசகும். இவற்றுள் முதன்மையானது சூறாவளியின் பாதை. ஒருநாள் முன்னர்க் கூறப்படும் பாதை பல பத்துக் கிலோமீற்றர் விலகுதல் உண்டு. முல்லைத்தீவை நோக்கி வருவதாகக் கருதப்பட்ட நடு, பருத்தித்துறைக்கு வடக்கே விலகிச் சென்றால், உயருமெனக் கூறப்பட்ட கடல் பின்வாங்குதலும் நேரும். இதனாலேயே கணிப்போர் ஒரே பாதைக்கு மாத்திரமன்றிப் பல பாதைகளுக்கும் கணக்கிட்டு, "ஒன்று முதல் இரண்டு மீற்றர் வரை" என்றாற்போலச் சொல்வர். உயிரைக் காக்கும் முடிவுக்கு, அவற்றுள் உயர்ந்த எண்ணையே கொள்ளவேண்டும்.

இம்முறை வெள்ளம் வரவில்லையே என்று அடுத்த எச்சரிக்கையை இகழ்தல் கூடாது. சூதாட்டத்தில் ஒருமுறை தப்பியவன் மறுமுறையும் தப்புவான் என்பதற்கு உறுதி யாது?

அறிவிக்கப்படும் உயரம் எதன்மேற் கணிக்கப்பட்டது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். பெரும்பாலும் அது வழமையான வற்றுப்பெருக்கு மட்டத்தின் மேலாகக் கூறப்படும். நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானதாயினும், பெருக்கு வேளையிற் சூறாவளி வந்தால் அதனையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அலையின் உயரத்தையும் மறக்கலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. கணிப்பு பெரும்பாலும் கடற்கரையுடன் நின்றுவிடும். மூன்று கிலோமீற்றர்க் கட்டத்துக்குள் உங்கள் வரம்பும் வாய்க்காலும் ஒழுங்கையும் கிணறும் அடங்கா. கடல் ஒன்றரை மீற்றர் உயரும் என்று அறிவித்தல் சொல்லும். அந்த நீர் உங்கள் வயலுக்கு ஏறுமா என்பதை நீங்களே அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் நிலத்தின் மட்டத்தை அறிந்திருங்கள்

ஆகவே, மாரி தொடங்குமுன் ஒவ்வொரு கமக்காரரும் செய்யவேண்டிய முதல் வேலை, தம் நிலம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் உள்ளது என்று அறிதலாகும். நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறி அண்மையில் இருப்பின், அங்கிருந்து மட்டம் பார்க்கலாம். மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாயைக் கொண்டே, அயலவர் சிலர் கூடி, ஒரு வெளி முழுவதற்கும் மட்டம் எடுத்துவிடலாம். கமநல சேவை நிலையத்தில் இதற்கான ஆலோசனையைக் கேளுங்கள். அறிந்த உயரத்தைக் கிணற்றுக் கட்டிலோ மதகிலோ பனைமரத்திலோ மையாற் குறித்து வையுங்கள்.

பருத்தித்துறைக்கு மேற்கே வல்வெட்டித்துறை வரையுள்ள கரை, சுண்ணக்கற் பாறையும் முருகைக்கற் பாரும் உடையது. பாரானது அலையின் வேகத்தை உடைக்கும். ஆனால் உயர்ந்து நிற்கும் கடல்மட்டத்தை அது தடுக்காது. கிழக்கே மணற்காடு முதல் தெற்கு நோக்கிச் செல்லும் கரை தாழ்ந்த மணற்றரை. அங்கே மணற்குன்றுகளே மதில். அம்மதிலிலிருந்து மணல் அள்ளுவோர் தம் வயலின் வரம்பை வெட்டுவோரை ஒப்பர். குன்றின் மேலுள்ள சவுக்கும் பற்றைகளும் மணலைப் பிடித்து வைப்பன, அவற்றையும் அழிக்கலாகாது.

தொண்டைமானாற்றுத் தடுப்பணை

கடல் நேரே வராத இடத்துக்கும் கடனீரேரி வழியாக வரும். வல்லைவெளி, கப்பூது, வரணிப் பக்கத்துத் தாழ்ந்த வயல்கள் கடலோரத்தில் இல்லை; எனினும் வடமராட்சிக் கடனீரேரியை அடுத்திருப்பதால் அவற்றுக்கும் உவராபத்து உண்டு. கடல்நீர் உட்புகாமலும் மழைநீர் வீணே கழியாமலும் காப்பதற்கென்றே தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டப்பட்டது.

சூறாவளி வேளையில் இங்கே ஓர் இக்கட்டு நேரும். 2008ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி 'நிசா' என்ற சூறாவளியின்போது யாழ்ப்பாணத்தில் ஒரேநாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழை பெய்தது. அத்தகைய மழையில் வயலில் நீர் நிரம்பி, பயிர் மூழ்கும். கதவைத் திறந்து நீரைக் கடலுக்கு விடுக என்று கமக்காரர் வேண்டுவது இயல்பே. ஆனால் அவ்வேளையிற் கடல்மட்டம் ஏரியின் மட்டத்தை விட உயர்ந்திருந்தால், திறந்த கதவால் நன்னீர் வெளியேறாது. உவர்நீரே உள்ளே வரும். மழைநீரில் மூழ்கிய பயிர் சில நாள் பொறுக்கும். உவர்நீரில் நிற்கும் பயிர் அவ்வாறு பொறுக்காது. கடல் தாழ்ந்தபின் கதவைத் திறப்பதே முறை. அது எப்போது என்பதைக் கடற்பெருக்குக் கணிப்பும் அணையின் இருபுறத்து அளவுகோல்களும் காட்டும். ஆதலால், கதவைப் பொறுப்பான அலுவலர்களே இயக்க விடுங்கள். இரவோடிரவாகக் கதவையோ பலகையையோ தாமாக அகற்றுவோர், தம் வயலோடு அயலார் வயலையும் கெடுப்பர்.

எச்சரிக்கை கிடைத்ததும் செய்யவேண்டியவை

1. விதைநெல், விதைவெங்காயம், பசளை, பூச்சிகொல்லி ஆகியவற்றைத் தரையில் வையாது உயர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

2. கடற்பக்கத்து வரம்பையும் ஏரிப்பக்கத்து வரம்பையும் உடைப்பின்றிக் கட்டுங்கள். கடலை நோக்கிய வாய்க்காலின் வாயை மண்மூடையால் அடையுங்கள்.

3. தோட்டக் கிணற்றுக்குக் கட்டு இல்லையாயின், நீர் உட்புகாதவாறு சுற்றிலும் மண்மூடை அடுக்குங்கள். நிலையான கட்டு ஒன்றை அடுத்த கோடையிலே கட்டிக்கொள்ளுங்கள்.

4. வயலில் நிற்கும் நல்ல மழைநீரைக் காரணமின்றி வடித்துவிடாதீர்கள். நன்னீர் நிற்கும் வயலிற் சிறிது உவர்நீர் புகுந்தாலும், அது கலந்து வீரியங் குறையும்.

5. மாடு ஆடுகளை மேட்டுநிலத்துக்குக் கொண்டு செல்லுங்கள். கொண்டு செல்ல இயலாதாயின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

6. இடம்பெயருமாறு அறிவிக்கப்பட்டால் உடனே செல்லுங்கள். வயலைக் காக்கவென நிற்றல் வேண்டாம். சூறாவளியின் நடுவே காற்று அடங்குவது போலத் தோன்றும். மறுதிசைக் காற்று பின்னால் வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கத்திற் செய்தி அறியலாம்.

கடல்நீர் புகுந்துவிட்டால்

கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நூறு குடம் நீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்திருந்தாலே, லீற்றருக்கு 700 மில்லிகிராம் உப்பு அதில் இருக்கும். அந்நீர் வெங்காயத்துக்கும் போஞ்சிக்கும் தீங்கு விளைக்கத் தொடங்கும். எனவே, சிறிதளவே புகுந்தது என்று வாளாவிருத்தல் தவறு.

வயலிற் புகுந்த கடல்நீரை, வெளியே மட்டம் தாழ்ந்த உடனே வடித்துவிடுங்கள், உலர விடாதீர்கள். உலர்ந்தால் நீர் போய் உப்பு மண்ணில் தங்கிவிடும். பின்னர் பெய்யும் மழைநீரை வரம்பு கட்டித் தேக்கி, ஓரிரு நாள் நிற்கவிட்டு, மீண்டும் வடியுங்கள். இவ்வாறு பலமுறை செய்தால் மண் கழுவப்படும். சூறாவளிக் காலம் நம் மாரிக்காலத்தினுள்ளேயே வருவது இதற்கு உதவியாகும். தை பிறந்து மழை ஓய்ந்தபின் இவ்வாய்ப்புக் கிட்டாது. நெல், நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவரைத் தாங்காது. இடைப்பட்ட பருவத்தில் ஓரளவு தாங்கும். அடிக்கடி உவர் புகும் வயல்களுக்கு, ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனங்களைப் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

மீண்டும் பயிரிடுமுன் மண்ணைப் பரிசோதிப்பியுங்கள். பரிசோதனை அறிக்கையில் மண்ணின் மின்கடத்துதிறன், மீற்றருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் எனக் குறிக்கப்படும். அந்த எண் 1.0ஐக் கடந்தால் போஞ்சி, கரட் ஆகியவற்றின் விளைவு குறையத் தொடங்கும். கத்தரிக்கு எல்லை 1.1, வெங்காயத்துக்கு 1.2, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, நெல்லுக்கு 3.0, பீற்றூட்டுக்கு 4.0. உவர் முற்றாக நீங்காத தோட்டத்தில் முதற்போகம் வெங்காயத்தை நடாது, பீற்றூட்டை நடுதல் அறிவுடைமை.

கிணற்றைப் பற்றி மிகுந்த கவனம் வேண்டும். நம் குடாநாட்டுச் சுண்ணக்கல்லினுள் நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கிற் கீழிருந்து நாற்பதடி உவர் ஏறிவிடும். கடல்நீர் விழுந்த கிணற்றை இயந்திரம் வைத்து அடிவரை இறைத்துவிட்டால் தூய்மையாகும் என எண்ணுவோர் பலர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையோரத்திற் கிணறுகள் பலவற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தும் உவர் நீங்கவில்லை. சிலவற்றிற் கூடவுஞ் செய்தது. மழையே அவற்றைத் தேற்றியது. ஆகவே கிணற்றிலுள்ள சேற்றையும் குப்பையையும் அகற்றி, தேங்கிய உவர்நீரை மெதுவாகச் சிறிது சிறிதாக எடுத்துத் தூரத்தில் விடுங்கள். பின்னர் மழைக்கு இடங்கொடுங்கள். குடிநீராகப் பாவிக்குமுன் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

முடிவுரை

1964ஆம் ஆண்டிலே, கடல் எவ்வளவு உயரும் என்று சொல்வார் நமக்கு இருக்கவில்லை. இன்று கடலைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, சூறாவளி வருமுன்னரே அதன் மட்டத்தைக் கணித்துச் சொல்வோர் உளர். அவர்கள் தரும் எண் பாதிக் கணக்கே. மறுபாதி, உங்கள் நிலத்தின் மட்டம். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவருக்கே எச்சரிக்கை பயன் தரும். ஆகையால் வருகின்ற ஐப்பசிக்கு முன்னர், அயலவரோடு கூடி உங்கள் வெளியின் மட்டத்தை எடுத்து, கிணற்றுக் கட்டிலே கோடொன்று இடுங்கள். கடல் இத்தனை அடி உயரும் என்று வானொலி கூறும் இரவில், அக்கோடே உங்களுக்கு வழிகாட்டும்.